வேலியில்லாத எல்லை: செயின்ட் மார்ட்டின் தீவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே தீவில் இரண்டு நாடுகள் என்கிறார்களே, செயின்ட் மார்ட்டின் எங்கே இருக்கிறது?

பதில்: கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில், அங்குவில்லாத் தீவுக்குத் தெற்கே இருக்கிறது. மொத்தப் பரப்பே சுமார் 87 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் பிரான்சுக்கும், தெற்கே 34 சதுர கிலோமீட்டர் நெதர்லாந்து முடியரசுக்கும் சொந்தம். வடக்கின் தலைநகர் மரிகோ, தெற்கின் தலைநகர் பிலிப்ஸ்பர்க். தீவின் உயர்ந்த சிகரமான பிக் பரடி (424 மீட்டர்) பிரெஞ்சுப் பக்கம் நிற்கிறது.

'இரண்டு நாடுகள்' என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். வடபகுதி 2007 முதல் பிரான்சின் தனிக் கடல்கடந்த பிரதேசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உட்பட்டது. தென்பகுதி 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்து முடியரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிறது. வடக்கே யூரோ, தெற்கே 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர். டாலர் இரண்டு பக்கமும் ஓடும். பேச்சுக்கு ஆங்கிலம் தீவு முழுவதும் போதும்.

கேள்வி: ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு டச்சுக்காரரும் எதிரெதிர்த் திசையில் நடந்து தீவைப் பங்கு போட்டார்களாமே?

பதில்: அழகான கதை, அவ்வளவுதான். 1633இல் தீவைப் பிடித்து வைத்திருந்த ஸ்பெயின் 1648இல் விட்டுப் போனது. அதே ஆண்டு மார்ச் 23 அன்று பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அங்குவில்லாவைப் பார்த்த கரை பிரெஞ்சுக்காரருக்கு. தெற்கே கோட்டையும் அதைச் சுற்றிய நிலமும் டச்சுக்காரருக்கு. டச்சுக்காரர் குறி வைத்தது பிலிப்ஸ்பர்க்கை ஒட்டிய பெரிய உப்பேரியைத்தான். ஹெர்ரிங் மீனை உப்பில் போட்டு விற்ற நாட்டுக்கு உப்பின் அருமை தெரியாதா?

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் என்னைக் கவர்வது பங்கீடு அல்ல. வேட்டை, மீன்பிடிப்பு, உப்பளம், நன்னீர், துறைமுகம் எல்லாம் இருவருக்கும் பொது என்று எழுதி வைத்தார்கள். எல்லைக் கோட்டைத் துல்லியமாக வரையாமல் விட்டதற்கும் விலை கொடுத்தார்கள். கிழக்குக் கரையின் ஆய்ஸ்டர் பாண்டில் எல்லை எங்கே என்ற சச்சரவு 2023 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் முடிவுக்கு வந்தது.

கேள்வி: எல்லையைக் கடக்கப் பாஸ்போர்ட் காட்ட வேண்டுமா?

பதில்: சாலையில் யாரும் கேட்பதில்லை, வரவேற்புப் பலகையைத் தாண்டினால் அடுத்த பக்கம். சோதனை விமான நிலையத்திலும் துறைமுகத்திலும்தான். தடுப்பு இல்லை என்பதற்காக விசா விதி இல்லை என்று எண்ண வேண்டாம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் எல்லைக்குள் இரு பகுதிகளும் வராதவை. பாரிஸ் போவதற்கென எடுத்த விசா வடபகுதிக்குத் தானாகச் செல்லாது. டிக்கெட் எடுக்கும் முன் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் வேலை செய்த அயர்ன் பாக்ஸ் மறுபக்கம் புகைந்துவிட்டது. ஏன்?

பதில்: எல்லையில் மின்சாரமும் மாறுகிறது. டச்சுப் பக்கம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் பிளக். பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், உருண்டை முள் பிளக். 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அயர்ன் பாக்ஸை 220இல் செருகினால் இரட்டிப்பு வெப்பம் வராது, நாலு மடங்கு வரும். மின்னழுத்தம் இரட்டிப்பானால் மின்னோட்டமும் இரட்டிப்பாகும். திறன் இரண்டின் பெருக்கல். அதனால் 1,000 வாட் சுருள் 4,000 வாட் இழுக்கப் பார்த்து, சில நொடிகளில் எரிந்து அறுந்துவிடும். தலைகீழாக 220 வோல்ட் பெட்டியை டச்சுப் பக்கம் செருகினால் கால் பங்கு சூடுதான். சட்டைச் சுருக்கம் போகாது, ஆனால் பெட்டிக்குக் கேடில்லை.

பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். '100–240' என்றிருந்தால் (லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்) பிளக் வடிவம் மாற்றும் அடாப்டர் போதும். '110' அல்லது '120' என்று மட்டும் இருந்தால் அடாப்டர் உங்களைக் காப்பாற்றாது. அது முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும். அயர்ன் பாக்ஸுக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்பார்மர் செங்கல் மூட்டை கனம் இருக்கும். அந்தந்தப் பக்கம் அங்குள்ளதை வாங்கிப் பயன்படுத்துவதே மேல்.

கேள்வி: பக்கத்துத் தெருவுக்குப் போன் செய்தாலும் வெளிநாட்டு அழைப்பா?

பதில்: தெரு எல்லைக்கு அப்பால் இருந்தால் ஆமாம். டச்சுப் பக்கத்துக்கு +1 721, பிறகு ஏழு இலக்கம். பிரெஞ்சுப் பக்கத்துக்கு +590; லேண்ட்லைன் என்றால் அதன்பின் இன்னொரு 590, பிறகு ஆறு இலக்கம். இரண்டாவது 590ஐத் தவறுதலாக வந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அழைப்பு போகவே போகாது. செல்போன் என்றால் இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் 690 வரும். எல்லையோரம் தங்கினால் போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியாக விடாமல் நீங்களே தேர்ந்து வையுங்கள். இல்லையேல் மறுபக்கத்துக் கோபுரத்தைப் பிடித்து ரோமிங் கட்டணம் ஏறும்.

கேள்வி: இந்த எல்லைக் கோடு யாருக்காவது நன்மை செய்ததா?

பதில்: பிரான்சு 1848இல் அடிமைமுறையை ஒழித்தது, நெதர்லாந்து 1863இல்தான். நடுவில் 15 ஆண்டுகள். தெற்கில் அடிமைப்பட்டிருந்தவர்களுக்குச் சுதந்திரம் ஒரு குன்றுக்கு அப்பால் இருந்தது, நடந்தே போனார்கள். போனவர்களைப் பிடித்துவர முடியாத தோட்ட முதலாளிகள், மிச்சமிருந்தவர்களை அடிமை என்று நடத்தும் தைரியத்தை இழந்தார்கள். சட்டம் 1863 வரை காத்திருந்தது, மக்கள் காத்திருக்கவில்லை.

கேள்வி: ஆறே இல்லாத தீவில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

பதில்: கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். அதோடு பல வீடுகளில் தரைக்கடியில் காங்கிரீட் தொட்டி உண்டு. கூரை மழை நேரே அதற்குள் இறங்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் வரை சேரும். வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட வேண்டும். கூரைத் தூசி, பறவை எச்சம் எல்லாம் அதோடு வரும். தொட்டி மூடியிலும் வழிகுழாயிலும் கொசுவலை அவசியம்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, வாயை அடைத்துவிட வேண்டும். 2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் வகைப் புயலான இர்மா தீவின் மேலேயே கடந்தது. அந்த வேகக் காற்று கடல்நீரைக் கூரைவரை வாரி இறைக்கும்; குழாய் திறந்திருந்தால் உப்பும் இலைக்குப்பையும் தொட்டிக்குள் போய், புயலுக்குப் பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுதும் பாழ்.