பேத்தாலஜிதான் படிக்கட்டுமே

கரூரிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி. படித்து, இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். மேற்படிப்பு என்றால் பேத்தாலஜிதான், அதாவது செத்த உடலையும் திசுவையும் ஆராய்ந்து நோயைக் கண்டுபிடிக்கிற நோய்க்கூறியல்தான் என்று பிடிவாதம். "செத்ததை அறுக்கவா அஞ்சரை வருஷம் படிச்சா?" என்று தாய்மாமன் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லையாம். சர்ஜரி எடுத்துக் கோவையில் நாய், பூனைக்குக் கிளினிக் போட வேண்டும். இல்லையென்றால் 40 லட்சம் கடன் வாங்கி அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும். இது மாமாவின் தீர்ப்பு.

ஐயா, பெற்றவருக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் மாமா சொல்வது தப்பு. சர்ஜரியின் பெருமையைச் சொல்ல ஊரே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

உங்கள் பக்கத்துக் கோழிப் பண்ணைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நூறு கோழி செத்துக் கிடந்தால் பண்ணைக்காரர் நாலைந்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத்தான் ஓடுகிறார். அங்கே அறுத்துப் பார்க்கிறவர் முன்னிரைப்பையின் உள்சுவரில் ஊசிமுனை போல ரத்தப் புள்ளிகளைக் கண்டால் வெள்ளைக்கழிச்சல் நோயைச் சந்தேகிப்பார். வால்பக்கத்து பர்சா என்ற சின்னப் பை வீங்கி ரத்தம் கட்டியிருந்தால் கம்போரோ என்ற வைரஸ் நோய் பக்கம் யோசனை போகும். பிறகு திசுவை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்வார்கள். மிச்சமிருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளின் கதி அந்த அறிக்கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது காரணம் பல வருடம் பிடிபடவில்லை. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தவர்கள்தான், உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருப்பதையும் சிறுநீரகம் கெட்டிருப்பதையும் கண்டு, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் எமன் என்று 2004இல் நிறுவினார்கள். 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கும் அந்த அறுவை மேஜைக்கும் தொடர்பு உண்டு.

உறவினர் காதில் விழாத வேலை ஒன்றும் இருக்கிறது. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துச் சோதிப்பார்கள். ஒவ்வோர் எலியிலிருந்தும் மூளை முதல் எலும்பு மஜ்ஜை வரை ஏறக்குறைய 40 திசுக்களை ஸ்லைடாக்கி, எது மருந்தால் வந்த கேடு, எது வயதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் கால்நடை பேத்தாலஜிஸ்ட்டுடையது. ஐதராபாத்திலும் பெங்களூரிலும் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

காசு விஷயத்தில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். இங்கே முதுநிலைப் படிப்பான எம்.வி.எஸ்சி. இரண்டே வருடம். ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலை நுழைவுத்தேர்வில் நல்ல ரேங்க் வந்தால், உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கத்து இஸத்நகரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.வி.ஆர்.ஐ.) போன்ற இடங்களில் உதவித்தொகையோடு படிக்கலாம். அமெரிக்க எம்.எஸ். பட்டம் அங்கே கால்நடை வைத்தியம் பார்க்க உரிமம் தராது. பேத்தாலஜியில் அங்கே மதிப்பது ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சியும் அதற்குப் பிறகு நிபுணர் தகுதிக்காக எழுதும் போர்டு தேர்வும். ரெசிடென்சிக்குப் போட்டி கடுமைதான், ஆனால் கிடைத்தால் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருவார்கள். அதற்கு இங்கே எம்.வி.எஸ்சி. முடித்துவிட்டே முயலலாம். வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

செத்ததை அறுத்தால் நோய் தொற்றிவிடுமோ என்ற அம்மாவின் பயத்துக்கு ஒரு வார்த்தை: கண்டதையெல்லாம் அறுக்க மாட்டார்கள். மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் வடிந்து மாடு திடீரென்று செத்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகித்து, காதில் ஒரு துளி ரத்தம் மட்டும் எடுப்பார்கள், உடலைத் திறப்பதில்லை.

மகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும். மாடு பிழைத்தது என்று யாரும் வந்து கும்பிட மாட்டார்கள். நாளெல்லாம் மைக்ரோஸ்கோப் முன் உட்கார வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் போஸ்ட்மார்ட்டம் நாளன்று அவள் முதல் ஆளாக நின்றாளா, கடைசி ஆளாக நின்றாளா? முதல் ஆள் என்றால் மறு பேச்சே வேண்டாம். அரசு கால்நடை உதவி மருத்துவர் வேலைக்கு பி.வி.எஸ்சி.யே போதும், பேத்தாலஜி படித்ததால் அந்தக் கதவு சாத்தாது.

முதுநிலைச் சேர்க்கையில் பேத்தாலஜியை முதல் விருப்பமாகவும் மைக்ரோபயாலஜியை அடுத்ததாகவும் போடச் சொல்லுங்கள். மாமாவின் மனசுக்காகச் சர்ஜரியை மேலே ஏற்ற வேண்டாம்.