நாய்க்குட்டி வருமுன் வீட்டைச் சீர்செய்வது எப்படி? - கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்களுடையது தோட்டம் உள்ள தனி வீடு. சென்ற ஆண்டு வளர்த்த நாய்க்குட்டி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு கண்டு மூன்றே நாளில் இறந்துவிட்டது. பார்வோ நோய் என்றார்கள். இப்போது 45 நாளான இராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்க இருக்கிறோம். வீடு முழுவதையும் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். இது போதுமா? - வாசகி, விருதுநகர்.

பதில்: போதாது, அம்மா. பார்வோ வைரஸைப் பினாயிலும் தரை துடைக்கும் வாசனைத் திரவங்களும் நம்பும்படி அழிப்பதில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் அது பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும், வீரியத்துடன் தங்கியிருக்கும். அதற்கு எதிராக வீட்டில் எளிதாகக் கையாளக்கூடியது, துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்தான். முதலில் சோப்பு நீரால் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவி அழுக்கை நீக்குங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். பிறகு ஒரு பங்கு திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடமாவது ஈரம் காயாமல் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதனுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சுப் புகை எழுந்து உங்கள் நுரையீரலைத் தாக்கும்.

இறந்த குட்டியின் சாக்கு, துணி, கழுத்துப்பட்டை, தட்டு ஆகியவற்றை, எவ்வளவு பிரியமானவையாக இருந்தாலும், அப்புறப்படுத்திவிடுங்கள். தோட்டத்து மண்ணை மருந்தால் சுத்தம் செய்ய இயலாது. வெயில் படும் பகுதி காலப்போக்கில் தானே சரியாகும். மரநிழலில் அந்தக் குட்டி மலம் கழித்த இடத்தை மட்டும் வேலியிட்டு மறித்துவிட்டு, தடுப்பூசிகள் முடியும்வரை கழுவக்கூடிய சிமெண்டுத் தரையில் புதிய குட்டியை வளருங்கள். செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டும் இக்கிருமி வீட்டுக்குள் வரும் என்பதால், குட்டி நடமாடும் அறைக்கு வெளியிலேயே செருப்புகள் நிற்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது தடுப்பூசி. முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் போட்டு, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை தொடர வேண்டும். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தைச் செயல்பட விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இத்தனை முறை போடுகிறோம். 'ஒரு ஊசி போட்டாயிற்று' என்ற நம்பிக்கையில் குட்டியை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவிர, 45 நாள் என்பது தாயைப் பிரிக்கும் வயதன்று. எட்டு வாரம் முடியட்டும் என்று வளர்ப்பவரிடம் கேளுங்கள்; அதற்குள் முதல் ஊசியும் போட்டிருப்பார்கள்.

இராஜபாளையம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெண்ணிற உடலோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை அந்த இனத்தில் காணப்படுகிறது. உடன்பிறந்த குட்டிகளிடமிருந்து தனியே பிரித்து, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கேளாத குட்டியையும் அன்பாக வளர்க்கலாம். ஆனால் வாசலில் கார் பின்னோக்கி வரும் ஓசை அதற்குக் கேட்காது. எனவே கேட்டின் இடைவெளியை அடைக்காமல் அதை அழைத்து வராதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் எலி மருந்து வைத்திருக்கிறோம். குட்டி வந்த பிறகு எடுத்தால் போதுமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்? - வாசகர், சென்னை.

பதில்: இன்றே எடுங்கள். வைத்த இடத்தை மட்டும் பார்ப்பது போதாது. எலி அதை இழுத்துப்போய் அலமாரிக்கு அடியிலும் போட்டிருக்கும். கேக் வடிவில் விற்கும் புரோமடயலோன் வகை இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. தின்ற குட்டி இரண்டு மூன்று நாள் நன்றாகவே விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, அதன் பிறகே சோர்ந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கத் தொடங்கும். தின்றது தெரிந்தவுடன் வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது. ஜிங்க் பாஸ்பைடு என்னும் கறுப்புப் பொடி வேறு விதமானது. அது வயிற்று அமிலத்தில் நச்சு வாயுவாக மாறும். பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் கூடி, நஞ்சும் கூடும். எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

அடுத்து, தரையில் குட்டியின் உயரத்துக்குக் குனிந்து ஒவ்வோர் அறையையும் பாருங்கள். பூஜை அறையின் கீழ்த்தட்டில் இருக்கும் சூடம் வலிப்பை உண்டாக்கும். துணி அலமாரியின் பாச்சை உருண்டை இரத்த அணுக்களைச் சிதைக்கும். தலையணைக்கு அருகில் வைக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகள், பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சை, சாம்பாரில் மிஞ்சிய வெங்காயம் ஆகியவையும் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். கூந்தலிலிருந்து எடுத்துப் போட்ட பூச்சரத்தைக் குப்பைக்கூடையில் மூடி வையுங்கள். பூவோடு விழுங்கிய நூல் நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு குடலைச் சுருக்கி அறுத்துவிடும்; அப்படி நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காமல் அழைத்து வாருங்கள். பால்கனிக் கம்பிகளின் இடையில் குட்டியின் தலை நுழையுமானால் உடலும் நுழையும். வலை அடித்து, அதன் அடிப்பகுதியையும் இறுக்கமாகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு மாதக் குட்டி மின்கம்பிகளைக் கடிக்கிறது. வயரில் மிளகாய்ப்பொடி தடவலாமா? - வாசகி, ஈரோடு.

பதில்: வேண்டாம், கண்ணும் வாயும் புண்ணாகுமே தவிரப் பழக்கம் நிற்காது. பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும் வயது இது. ஈறு ஊறுவதால் கடிக்கிறது. நனைத்து முறுக்கி உறையவைத்த துணியைக் கொடுங்கள். பயன்படுத்தாத வயர்களைச் செருகியிலிருந்து பிடுங்கி வையுங்கள். பிடுங்க முடியாதவற்றை பிவிசி குழாய்க்குள் செலுத்திச் சுவரோடு பொருத்துங்கள். மின்சாரம் தாக்கிவிட்டால், குட்டியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தே வெளியில் தெரியும்.