வெளிநாட்டுத் தேன்: எதற்குப் பயப்பட வேண்டும், எங்கே ஏமாறுகிறோம்?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். நகரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுத் தேன் ஒரு போத்தல் வாங்கினேன். முன்பக்கம் ஒரு நாட்டின் பெயர் பெரிதாக இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளினதும் ஏனைய நாடுகளினதும் தேன் கலந்தது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அடியில் சீனி மாதிரி உறைந்திருக்கிறது. மகளுக்கு 9 மாதம். வசம்பு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்லி மாமி ஒற்றைக்காலில் நிற்கிறா. சீனாவில் இருந்து கள்ளத் தேன் வருகிறது என்று பேஸ்புக்கில் பார்த்ததில் இருந்து பயமாக இருக்கிறது. இதைக் கொடுக்கலாமா? இல்லாவிட்டால் வாசலுக்கு வரும் காட்டுத் தேனை வாங்கட்டுமா?

பதில்: தங்கச்சி, பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இந்தப் போத்தலும் வேண்டாம், காட்டுத் தேனும் வேண்டாம், உங்கள் கண் முன்னால் அடை பிழிந்து தந்தாலும் வேண்டாம். ஒரு வயது முடியும் வரை எந்தத் தேனும் இல்லை.

இதில் கலப்படத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். மண்ணிலும் தூசியிலும் இருப்பவை அவை. தேனீயோடு கூட்டுக்குள் போய்விடும். வளர்ந்தவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, வந்த வழியே போய்விடும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் உருவாகியிருக்காது. வித்து அங்கேயே முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் பலம் குறையும், அழுகைச் சத்தம் மெலியும், கண் இமை தொங்கும், கழுத்து நிற்காது. அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் மூச்சு வரை போகும். ஏற்கெனவே ஒரு தடவை தடவியிருந்தால் பதற வேண்டாம். இந்த அறிகுறிகளில் ஒன்றைக் கண்டால் மட்டும் தேன் கொடுத்ததைச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தேனைச் சூடாக்கிக் கொடுக்கலாமே என்று மாமி கேட்பா. அடுப்புச் சூட்டுக்கு அந்த வித்து சாகாது. “நாங்கள் எல்லாம் தேன் குடித்துத்தான் வளர்ந்தோம்” என்றும் சொல்லுவா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மிட்வைஃபை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர் வாயால் சொல்ல வையுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது அவர் சொன்னால் ஏறும்.

இப்போது போத்தலுக்கு வருவோம். அடியில் உறைந்திருப்பது கலப்படத்தின் அடையாளம் அல்ல. தேனில் குளுக்கோசும் புருக்டோசும் இருக்கின்றன. குளுக்கோசு கூடிய தேன் சீக்கிரம் உறையும். கடுகுப் பூத் தேன் போத்தலோடு கட்டியாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டில், போத்தலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் ஏற்றாதீர்கள், மணம் போய்விடும். உறைவதை வைத்து நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது.

பின்பக்கத்துப் பொடி எழுத்துத்தான் விஷயம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தேன், ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் தேன், இரண்டும் கலந்தது என்றால் உலகத்தில் மிச்சம் எந்த நாடு? ஒன்றும் சொல்லாமல் சொல்வதற்குச் சட்டமே கொடுத்த வசனம் அது. பல காலம் அப்படியே ஓடியது. 2024இல் தான் ஐரோப்பாவில் சட்டத்தைத் திருத்தினார்கள்: எந்தெந்த நாட்டுத் தேன், எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். அதுவும் 2026 ஜூனில் இருந்துதான், அதுவும் அவர்களுடைய சந்தைக்குத்தான். முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் நாட்டின் பெயர் பல வேளைகளில் தேனைப் போத்தலில் அடைத்த நாடு. தேனீ இருந்த நாடு வேறு.

அவர்கள் ஏன் திருத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஆணைக்குழு எல்லையில் 320 மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. 147 மாதிரிகள், அதாவது 46 சதவீதம், சீனிப்பாகு கலந்த சந்தேகத்துக்கு உரியவை. சீனாவில் இருந்து வந்ததில் 74 சதவீதம். பேஸ்புக்கில் நீங்கள் பார்த்தது இதன் வாலாக இருக்கும். ஆனால் அதே கணக்கில் பிரித்தானியாவில் இருந்து போன பத்து மாதிரிகளில் பத்துமே சந்தேகத்துக்கு உரியவை. வேறு நாட்டுத் தேனை அங்கே கலந்து அனுப்பியதாக இருக்கலாம் என்றார்கள். ஆகவே சீனா என்று போட்டிருந்தால் விட்டுவிடுவேன், வெள்ளைக்காரன் நாடு என்றால் வாங்குவேன் என்ற கணக்குச் சரிவராது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. இந்தக் கலப்படத்தால் உடல்நலத்துக்கு வரும் ஆபத்து குறைவு. கலப்பது அரிசிப் பாகு, பீட் பாகு, சோளப் பாகு. தேனே ஏறத்தாழ 80 சதவீதம் சீனிதான். இது சுகாதாரப் பிரச்சினையை விடக் காசுப் பிரச்சினை. தேன் விலைக்குப் பாகு வாங்குகிறீர்கள். நஞ்சு என்று சொல்லக்கூடியதும் நடந்திருக்கிறது. 2002இல் சீனத் தேனில் குளோரம்பெனிக்கோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததால் ஐரோப்பா அதை நிறுத்தியது. 2010இல் இந்தியத் தேனையும் நிறுத்தி, அடுத்த ஆண்டு திரும்ப விட்டது. அந்த மாதிரி ஆய்வுகள் பிறகு இறுகியிருக்கின்றன. ஆகவே இந்தப் போத்தலைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் தேநீருக்குப் போட்டுக் குடியுங்கள், அடுத்த முறை வேறு வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் தேனில் நான் உண்மையாகவே பயப்படுவது வேறொன்றுக்கு. அதைப் பற்றி ஒருவரும் எழுதிக் கேட்பதில்லை, வெட்கம். ஆண்மைக்கு என்று சின்னப் பைக்கற்றில் வரும் தேன். வளைகுடாவில் இருந்து வருகிறவர்களின் சூட்கேசுக்குள் வருகிறது, ஒன்லைனிலும் விற்கிறார்கள். மூலிகைத் தேன் என்று போட்டிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இப்படிப்பட்ட தேன்களைப் பரிசோதித்தபோது லேபலில் சொல்லாத சில்டெனாபில், டடலாபில் மருந்துகள் உள்ளே இருந்தன. நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைக்கிற மனிதர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிர் போகலாம். வீட்டில் அப்படி ஒரு பைக்கற் இருந்தால் யாருடையது என்று கேட்டுச் சண்டை பிடிக்காமல் எறிந்துவிடுங்கள்.

சரி, வீட்டில் பரிசோதித்துப் பார்க்க முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். முடியாது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகும், தீக்குச்சியை முக்கிப் பற்ற வைத்தால் எரியும், பேப்பரில் விட்டால் ஊறாது, எறும்பு வராது, நாய் நக்காது: நல்ல தேனுக்கு அடையாளம் என்று ஊரில் சொல்வது இவைதான். இவற்றில் முதல் மூன்றும் பார்ப்பது தடிப்பையும் ஈரத்தையும் மட்டும். நன்றாகக் காய்ச்சிய சீனிப்பாகு எல்லாவற்றிலும் பாஸ் பண்ணும். எறும்பும் நாயும் வெறும் கதை. வாசலுக்கு வருகிற வியாபாரி உங்கள் முன்னால் தீக்குச்சி பற்ற வைத்துக் காட்டினால் அவர் அந்த வித்தையைப் பழகி வந்திருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்தையே ஏமாற்றுகிற காலம் இது. கரும்பிலும் சோளத்திலும் செய்த பாகைப் பிடிக்க ஒரு பரிசோதனை வந்தது. கலப்படக்காரர் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் 13 கம்பனிகளின் 22 மாதிரிகளை எடுத்தது. இந்தியாவின் வழமையான பரிசோதனைகளில் பெரும்பாலானவை தேறின. அணுக்காந்தப் பரிசோதனைக்கு, என்.எம்.ஆர். என்பார்கள், ஜெர்மனிக்கு அனுப்பியபோது 13 கம்பனிகளில் மூன்றுதான் தேறின. எங்களுடைய பக்கத்தில் இன்னும் ஈரம் எவ்வளவு, சுக்குரோசு எவ்வளவு என்று அளந்து கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் வருகிற மாதிரித்தான் பாகையே தயாரிக்கிறார்கள். இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. குறிப்பு எடுப்பார்கள், வடை வரும், தேநீர் வரும், அடுத்த கூட்டத்திலும் அதே குறிப்பு.

இந்த வீட்டுப் பரிசோதனைகளால் நல்ல தேனுக்கும் அநியாயம் நடக்கிறது. கொசுத்தேனைச் சொல்கிறேன். கொட்டாத சின்னத் தேனீ. சுவர்ப் பொந்திலும் மர ஓட்டையிலும் மெழுகுக் குழாய் வைத்து வாசல் கட்டியிருக்கும். அதன் தேன் இயல்பிலேயே தண்ணீர் கூடியது. சாதாரணத் தேனுக்குச் சர்வதேசத் தரம் 20 சதவீத ஈரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. கொசுத்தேனில் 25, 30 என்று இருக்கும். புளிக்கும். நிறம் கறுப்பாக இருக்கும். பேப்பரில் விட்டால் ஊறும், தண்ணீரில் விட்டால் சட்டென்று கரையும். எல்லாப் பரிசோதனையிலும் பெயில், ஆனால் நூறு வீதம் தேன். ஒரு கூட்டில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் விலையும் கூட. அந்தத் தரத்தை எழுதியதே கொட்டுகிற தேனீயின் தேனுக்கு. அந்த அளவுகோலைக் கொசுத்தேனுக்கு வைத்து அளந்துவிட்டுக் கலப்படம் என்று எழுதுவதில் நியாயம் இல்லை. மரப்பொந்துத் தேனிலும் இந்த ஈரப் பிரச்சினை கொஞ்சம் உண்டு. முற்றாத அடையைப் பிழிந்தால் ஈரம் கூடி, நம்முடைய வெக்கைக்கு நுரைத்து மூடியைத் தள்ளும். நுரைத்தது புளித்திருக்கிறது என்று சொல்லலாம், சீனி கலந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே பிள்ளை வளர்ந்த பிறகு யாராவது உங்களுக்குத் தண்ணீராக, புளிப்பாக, சின்னப் போத்தலில் கொசுத்தேன் தந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய போத்தலில், தடிப்பாக, மலிவாகக் கொசுத்தேன் என்று தந்தால் வேண்டாம்.

இனி வாசலுக்கு வரும் காட்டுத் தேன். பாலையும் வீரையும் பூக்கிற காலத்தில் எங்கள் காடுகளில் நல்ல தேன் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. வெருகல், மூதூர்ப் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்னும் தேன் எடுக்கின்றன. பிரச்சினை அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். அவர் அங்கே பத்துப் போத்தல் வாங்குவார், இங்கே முப்பது போத்தல் விற்பார். மிச்சம் இருபது எங்கே இருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சீனிப்பாணி காய்ச்சி, நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கி, மணத்துக்குக் கொஞ்சம் தேன் விட்டு, சாராயப் போத்தலில் அடைத்து, மேலே ஒரு துண்டு அடையை மிதக்கவிட்டால் முடிந்தது. அடைத் துண்டைக் கண்டதும் நாங்கள் மயங்கிவிடுகிறோம். செத்த தேனீ இரண்டு மிதந்தால் இன்னும் சந்தோஷம். தேனீயும் அடையும் பாணிக்குள்ளும் மிதக்கும், தங்கச்சி.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலும் நிலாவெளி வீதியிலும் வருடம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே தடிப்பில் தேன் வைத்திருப்பவர்களிடம் வாங்க வேண்டாம். காட்டுத் தேன் ஒரு பூவுக்கு ஒரு நிறம், ஒரு காலத்துக்கு ஒரு சுவை. “இது சலரோகக்காரருக்குச் சீனி ஏற்றாத தேன்” என்று சொல்லி விற்றால் அந்த இடத்திலேயே திரும்பி வாருங்கள். சீனி ஏற்றாத தேன் உலகத்தில் இல்லை.

வாங்குவதென்றால் எடுத்தவரிடம் வாங்குங்கள். எந்த மரத்தில், எந்தப் பக்கத்துக் காட்டில், பொந்துத் தேனா கொப்பில் தொங்கிய பெரிய அடையா என்று கேளுங்கள். எடுத்தவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும், விற்கிறவருக்கு “ஒரிஜினல்” என்ற ஒரு சொல்தான் இருக்கும். பெட்டியில் தேனீ வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது; அங்கே பயிற்சி எடுத்தவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரைத் தேடுங்கள்.

கடையில் வெளிநாட்டுத் தேனே வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது சிலதுதான். ஒரே நாட்டின் பெயர், அதுவும் அடைத்த நாடாக இல்லாமல் தேன் எடுத்த நாடாக, இருக்க வேண்டும். இலங்கையில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தொகுதி இலக்கமும் திகதிகளும் போத்தலிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அச்சான திகதிக்கு மேலே வேறு திகதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. இறக்குமதியாளர் முகவரியே இல்லாத போத்தல் சூட்கேசில் வந்தது. அதில் என்ன இருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. “இயற்கை”, “சுத்தம்”, “பச்சைத் தேன்” என்ற சொற்களைப் பார்க்காமலே விடலாம்.

முறைப்பாடு செய்ய நினைத்தால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பீ.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், சொல்லலாம், நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிக்கலாம். திறந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு போனால் அது வழக்கில் நிற்காது. அவர்கள் கடைக்குப் போய் மூடிய போத்தலை முறைப்படி எடுத்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். முடிவு எப்போது வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதனால் தொகுதி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதே இலக்கப் போத்தல்கள் கடைத் தட்டில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். விற்று முடிந்த பிறகு பீ.எச்.ஐ. வந்தாலும் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.