மூன்று இயங்குதளம் இருக்கும் கணினியில் பார்ட்டிஷன்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

கேள்வி இதுதான்: ஒரே மடிக்கணினியில் விண்டோஸ் 11, உபுண்டு, ஃபெடோரா மூன்றும் தனித்தனிப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளில், இருக்கின்றன. விண்டோஸில் டி டிரைவ் என்று தெரிவது உபுண்டுவில் வேறு ஏதோவாகத் தெரிகிறது. ஃபெடோராவை மறுபடி நிறுவ வேண்டும், ஆனால் எது எந்தப் பார்ட்டிஷன் என்று பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

ஃபெடோராவை இன்றைக்கு நிறுவாதீர்கள். முதலில் எல்லாப் பார்ட்டிஷனுக்கும் லேபிள், அதாவது பெயர், வையுங்கள். அரை மணி நேர வேலை. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2019-இல் என் மேசைக்கணினியில் விண்டோஸ் 10, உபுண்டு, டெபியன் மூன்றும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. என் பாட்டி பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, சொன்ன கதைகள் எல்லாம் கேசட்டில் இருந்ததை நான்தான் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். மொத்தம் 43 பதிவுகள். கேசட்டுகள் பூஞ்சை பிடித்து, வீடு மாற்றும்போது குப்பைக்குப் போய்விட்டன. அதனால் அந்த ஒரு பார்ட்டிஷனில் இருந்ததுதான் பாட்டியின் குரல், வேறு நகல் கிடையாது.

உபுண்டுவின் புதிய பதிப்பைப் போட நினைத்தேன். விண்டோஸில் பார்த்தால் இரண்டு "லோக்கல் டிஸ்க்". ஒன்று 100 ஜிபி, இன்னொன்று 93 ஜிபி. 100 ஜிபி காலியானது, 93 ஜிபியில் பாட்டி. ஒரு தாளில் "100 ஜிபி, அழிக்கலாம்" என்று எழுதி வைத்துக்கொண்டு உபுண்டு நிறுவும் பென்டிரைவில் கணினியைத் திறந்தேன். அங்கேயும் இரண்டு பார்ட்டிஷன் தெரிந்தது: 107 ஜிபி, 100 ஜிபி. தாளைப் பார்த்தேன், 100 ஜிபியைத் தேர்ந்தெடுத்தேன், ஃபார்மட் கொடுத்தேன்.

விண்டோஸ் ஒரு ஜிபி என்று சொல்வது 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் பைட்டுகளை. உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியும் அன்றைய நிறுவியும் ஒரு ஜிபி என்று எண்ணியது சரியாக 100 கோடி பைட்டுகளை. ஆக, விண்டோஸின் 100 அங்கே 107. விண்டோஸின் 93 அங்கே 100. நான் அழித்தது பாட்டியின் பார்ட்டிஷன். ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை இரண்டு இரவு ஓடவிட்டதில் 29 பதிவுகள் திரும்பி வந்தன, கோப்புப் பெயர் எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக. மீதி 14 போனது போனதுதான்.

அன்றைக்கு அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் இரண்டு இயங்குதளத்திலும் அதே பெயர் தெரிந்திருக்கும். நான் நின்றிருப்பேன்.

உங்கள் குழப்பத்துக்கு வருவோம். சென்னையில் பழைய தெருக்களில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று வாசலில் எழுதியிருப்பார்கள். வீடு அதே வீடு, எண் மட்டும் யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. டி டிரைவ் என்பதும் அப்படித்தான். அந்த எழுத்தை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் சொந்த ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொள்கிறது, பார்ட்டிஷனுக்குள் எதையும் எழுதுவதில்லை. ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ் இருந்தால் பொதுவாக இரண்டுமே தன்னைத்தான் சி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றுக்கும் அடித்தளமான லினக்ஸுக்கு அந்த எழுத்து எதுவுமே தெரியாது.

லினக்ஸ் பக்கம் எஸ்டிஏ1, எஸ்டிபி3 போன்ற பெயர்களும் நிரந்தரமில்லை. துவங்கும்போது எந்த டிஸ்க்கை முதலில் கண்டதோ அது எஸ்டிஏ, அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1. ஒரு பென்டிரைவைச் செருகியபடி துவக்கினால்கூட வரிசை மாறலாம். புதிய கணினிகளில் வரும் வேகமான என்விஎம்இ டிஸ்க் இரண்டு இருந்தாலும் இதே கதை. பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையில் எழுதிய டிஸ்க்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நான்குக்கு மேல் தேவைப்பட்டால் உருவாக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் 5-இலிருந்து எண்ணப்படும், 5-ஐ அழித்தால் 6-ஆக இருந்தது 5 ஆகிவிடும். அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது என்னை எங்கே கொண்டு விட்டது என்று மேலே சொல்லிவிட்டேன்.

லேபிள் என்பது அந்தப் பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்படும் பெயர். (ஃபைல் சிஸ்டம் என்பது கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை: விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் எக்ஸ்ட்4, பென்டிரைவில் ஃபேட்32 போன்றவை.) டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கூடவே போகும். அந்த ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரிந்த எந்த இயங்குதளத்திலும் அதே பெயர்தான் தெரியும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை புதிய ஜிபிடி முறையில் இருந்தால் (விண்டோஸ் 11 நிறுவப்பட்டு வந்த மடிக்கணினி என்றால் அப்படித்தான் இருக்கும்) ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இரண்டு பெயர்கள் வைக்க முடியும். ஒன்று நான் சொன்ன லேபிள். மற்றொன்று ஜிபிடி அட்டவணையிலேயே இருக்கும் பார்ட்டிஷன் பெயர். ஃபார்மட் செய்தால் லேபிள் அழிந்துவிடும், அட்டவணையில் இருக்கும் பெயர் அப்படியே நிற்கும், பார்ட்டிஷனையே அழித்தால்தான் போகும். லினக்ஸில் பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டட் செயலியில் இவை இரண்டும் தனித்தனி மெனுவில் இருக்கின்றன: "லேபிள் ஃபைல் சிஸ்டம்", "நேம் பார்ட்டிஷன்". உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியில் பல்சக்கரப் பொத்தானை அழுத்தினால் "எடிட் ஃபைல்சிஸ்டம்" என்பதில் லேபிளும், "எடிட் பார்ட்டிஷன்" என்பதில் அட்டவணைப் பெயரும் மாற்றலாம். நான் இரண்டிலும் ஒரே பெயரை வைக்கிறேன். அடிக்கடி ஃபார்மட் ஆகும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு இரண்டாவது பெயர்தான் கை கொடுக்கிறது.

விண்டோஸின் சொந்தப் பார்ட்டிஷன்களுக்கு விண்டோஸிலேயே வைத்துவிடுங்கள். "திஸ் பிசி"யில் டிரைவின் மேல் வலது கிளிக், ரீநேம், அவ்வளவுதான். "லோக்கல் டிஸ்க்" என்று தெரிவது பெயரே அல்ல, பெயர் வைக்கவில்லை என்பதற்கு அடையாளம். அதே பார்ட்டிஷன் உபுண்டுவில் "107 ஜிபி வால்யூம்" என்பது போல வெறும் அளவாகத் தெரியும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை, அது பயன்பாட்டில் இருக்கும்போதே இ2லேபிள் கட்டளையால் பெயர் மாற்றலாம். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து மாற்றுவதானால் முதலில் அன்மவுன்ட் செய்ய வேண்டும், அதாவது லினக்ஸ் அதைத் திறந்து வைத்திருப்பதை மூட வேண்டும். எல்லாம் சரியா என்று பார்க்க, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் என்ற தெரிவோடு கொடுத்தால் ஃபைல் சிஸ்டம், லேபிள், யூயூஐடி (ஃபார்மட் செய்யும்போது தானாக அமையும் நீண்ட அடையாள எண்) மூன்றும் ஒரே பட்டியலாக வரும்.

பெயரின் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஃபேட்32-க்கு 11 எழுத்து, எக்ஸ்ட்4-க்கு 16 பைட்டு, என்டிஎஃப்எஸ்-க்கு 32 எழுத்து, ஜிபிடி அட்டவணைப் பெயருக்கு 36. எக்ஸ்ட்4-க்கு மட்டும் பைட்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். தமிழில் பெயர் வைக்க நினைப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், நானும் மாட்டிக்கொண்டேன். "பாட்டி" என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள்: ப, துணைக்கால், ட, புள்ளி, ட, இகரக் கொக்கி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, மொத்தம் 18. எக்ஸ்ட்4-இன் 16-க்குள் பாட்டி அடங்க மாட்டாள். "பாடல்" அடங்கும், அது 15 பைட்டு. என்டிஎஃப்எஸ்-இல் இந்தச் சிக்கல் இல்லை, ஆறு குறியும் தாராளமாக உட்காரும்.

ஆனாலும் ஆங்கில எழுத்திலேயே லேபிள் வையுங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்ப் பற்று குறைவதால் இல்லை. கணினி துவங்காமல் கருப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரியும் நேரத்தில்தான் லேபிள் மிகவும் தேவைப்படும், அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது. தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். இடைவெளி விடாதீர்கள், சின்னக் கோடு போடுங்கள். இடைவெளி இருந்தால், துவங்கும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது தனிக் குறியீடு போட வேண்டி வரும், அங்கே ஒரு தப்பு நடந்தால் துவக்கமே நின்றுவிடும்.

என்ன பெயர் வைப்பது என்பதில் என் கருத்து உறுதியானது: பதிப்பு எண்ணை வைக்காதீர்கள். "உபுண்டு-2004" என்று நான் வைத்த பார்ட்டிஷனில் பிறகு 22.04 ஓடிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்து இது பழையது, அழிக்கலாம் என்று நினைக்க ஒரு நொடி போதும். "டேட்டா", "நியூ", "பேக்கப்" போன்ற பெயர்களும் ஆறு மாதத்தில் அர்த்தம் இழந்துவிடும். எந்த இயங்குதளம், அதில் என்ன வேலை என்பது போதும்: வின்-சிஸ்டம், உபுண்டு-ரூட், உபுண்டு-ஹோம், ஃபெடோரா-ரூட், பொது-படங்கள். (ரூட் என்பது லினக்ஸ் இயங்குதளமே இருக்கும் இடம், ஹோம் என்பது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்.) பல இயங்குதளமும் பங்கிட்டுக்கொள்ளும் பார்ட்டிஷனுக்கு எந்த இயங்குதளத்தின் பெயரும் வேண்டாம். ஒரு இயங்குதளத்தின் பெயர் இருந்தால் அதை நீக்கும் நாளில் இதையும் சேர்த்து நீக்கத் தோன்றும்.

ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கவே கூடாது. பழைய ரெட் ஹாட், ஃபெடோரா நிறுவிகள் ரூட் பார்ட்டிஷனுக்கு ஒற்றைச் சாய்கோட்டையே லேபிளாக வைத்தன. அதே கணினியில் இரண்டாவது லினக்ஸ் வந்தபோது எது எந்த ரூட் என்ற சண்டை. டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து அதே கணினியில் மாட்டினாலும் இதே நிலைதான், அப்போது லேபிளோடு யூயூஐடியும் இரட்டையாகிவிடும். நகலின் பெயரையும் யூயூஐடியையும் உடனே மாற்றுங்கள்.

மாற்றும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது எஃப்எஸ்டேப் கோப்பு. உபுண்டு, ஃபெடோரா நிறுவிகள் வழக்கமாக அதில் யூயூஐடியை எழுதுகின்றன, அப்படியானால் லேபிளை மாற்றுவதால் எதுவும் ஆகாது. நீங்களோ வேறு யாரோ அங்கே லேபிளை வைத்து ஒரு வரி எழுதியிருந்தால், பெயர் மாற்றும்போது அந்த வரியையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த துவக்கத்தில் லினக்ஸ் அந்தப் பழைய பெயரைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரைக்குப் போய்விடும். பொதுப் பார்ட்டிஷனுக்கான வரியில் நோஃபெயில் என்ற தெரிவைச் சேர்த்தால், அது கிடைக்காவிட்டாலும் கணினி துவங்கும்.

தொடக்கூடாதவை சில இருக்கின்றன. ஃபேட்32-இல் சில நூறு எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும். மூன்று இயங்குதளத்தின் துவக்கக் கோப்புகளும் அதற்குள்தான் தனித்தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஃபெடோராவை நிறுவும்போது அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய ஒரு பார்ட்டிஷன் இருக்கும், அதில் ஃபைல் சிஸ்டமே கிடையாது, விட்டுவிடுங்கள். விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷனையும் அப்படியே விடுங்கள்.

உங்கள் கணினியில் ஃபெடோரா இருப்பதால் இன்னொன்று. ஃபெடோரா 33-இலிருந்து, அதாவது 2020-இலிருந்து, மேசைக்கணினிப் பதிப்பு இயல்பாக பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில்தான் நிறுவப்படுகிறது. ரூட்டும் ஹோமும் ஒரே பார்ட்டிஷனுக்குள் இரண்டு சப்வால்யூமாக, அதாவது உட்பிரிவாக, இருக்கும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே லேபிள்தான். ஹோமைத் தனியாகத் தேடிக் காணவில்லையே என்று பதறாதீர்கள். ஆனால் அந்த ஒரு பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் உங்கள் ஹோமும் சேர்ந்து போகும், அதனால் உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே ஒன்றிரண்டு ஜிபியில் பெயரில்லாத எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் இருந்தால் அது பெரும்பாலும் ஃபெடோராவின் பூட் பார்ட்டிஷன். அதற்கும் ஃபெடோரா-பூட் என்று பெயர் வையுங்கள்.

விண்டோஸ் பக்கம் இரண்டு விஷயம். முதலாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களை எழுதவிடாமல் படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். லேபிளும் மாற்ற வராது. இரண்டாவது, லினக்ஸ் பார்ட்டிஷன் எதற்காவது விண்டோஸ் டிரைவ் எழுத்து கொடுத்திருந்தால், அதைத் தெரியாமல் கிளிக் செய்யும்போது "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். வீட்டில் வேறு யாராவது கணினியைத் தொடுவார்கள் என்றால் இது பெரிய ஆபத்து. டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள், பார்ட்டிஷனுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸுக்கு எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் லேபிளைப் படிக்கத் தெரியாது என்பதால், லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழிக்கும் வேலையை எப்போதும் லினக்ஸிலிருந்தே செய்யுங்கள்.

பெயர் வைத்து முடித்ததும் மூன்று இயங்குதளத்தையும் ஒருமுறை துவக்கி, படிக்க முடிகிற பார்ட்டிஷன்கள் எல்லாவற்றிலும் அதே பெயர் வருகிறதா பாருங்கள். அப்புறம் ஃபெடோராவின் நிறுவும் பென்டிரைவில் துவக்கி, எதையும் நிறுவாமல், டெர்மினலில் அந்த எல்எஸ்பிஎல்கே பட்டியலை மட்டும் எடுத்துக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிறுவும் நேரத்தில் அந்தப் படம் பக்கத்தில் இருக்கட்டும்.

என் கணினியில் மீதமிருக்கும் 29 பதிவுகள் இப்போது பாட்டி-குரல் என்ற பார்ட்டிஷனில் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் கோட்டோடு சேர்த்து 12 எழுத்து வருகிறது, எக்ஸ்ட்4-இல் சௌகரியமாகப் பொருந்துகிறது. அதே பதிவுகள் வெளி டிஸ்க் ஒன்றிலும் இருக்கின்றன, அதன் பெயர் பாட்டி-குரல்-2.