‘சதுர அடி என்ன ரேட்டு?’ – சென்னை வீட்டு விலை கேள்வி பதில்

இந்த வாரம் வந்தவற்றில் வீட்டு விலை, விற்பனை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் சதுர அடி விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்த எண்கள்தான். உங்கள் தெரு விலை என்று நினைத்துவிட வேண்டாம்.

போரூர்: எங்க ஏரியாவுல விலை பயங்கரமா ஏறிடுச்சுன்னு புரோக்கர் சொல்றார். நெட்ல ஒரு ரேட், பில்டர் ஒரு ரேட். உண்மையில என்ன விலைக்குக் கைமாறுதுன்னு நானே பார்க்க வழி இருக்கா சார்?

இருக்கிறது. பைசா செலவும் கிடையாது. விளம்பரத்தில் இருப்பது சொல்லும் விலை. பத்திரப்பதிவுக்காக அரசு தெருவாரியாக நிர்ணயித்து வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. பத்திரத்தில் ஏறியது பதிவான விலை. மூன்றும் மூன்று திசையில் நிற்கும். ஏறியதா இறங்கியதா என்று பார்க்க மூன்றாவதுதான் உதவும், அதையும் பதம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பதிவுத்துறை இணையதளத்தில் மின்னணு சேவைகளுக்குள் போய் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்வையிடலைத் திறங்கள். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண், தேதி வரம்பு கேட்கும். நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் புல எண்ணோடு நிறுத்தாமல் அதே தெருவில் அக்கம்பக்கத்துப் புல எண்கள் நாலைந்துக்கும் போடுங்கள். அடுக்குமாடி என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்திலேயே புல எண் இருக்கும். கடைசி இரண்டு வருடம் போதும்.

வரும் பட்டியலில் ‘தன்மை’ என்ற கட்டத்தைப் பார்த்து, கிரையப் பத்திரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவை, அவற்றில் இருக்கும் தொகை சந்தையைச் சொல்லாது. கிரையத்தின் கீழே ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு தொகை இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டிருக்கிறார்கள், நிஜ விலை மேலே இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கைமாற்றுத் தொகை நன்றாக அதிகமாக இருக்கும் பதிவுகள்தான் நமக்கு வேண்டியவை. பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கியவர்கள் அவர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கிரையத்துக்கு அடுத்தபடியாக, அதே சொத்துக்கு ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு இருக்கும். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியதற்கான பதிவு அது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 60 லட்சம் என்றால் அந்த வீட்டை வங்கி குறைந்தது 75 லட்சத்துக்கு மதிப்பிட்டிருக்கிறது. கிரையத்தில் 48 லட்சம் என்று இருந்தாலும் நம்ப வேண்டியது இந்த 75-ஐத்தான். கிரையம் முடிந்த சில வாரங்களுக்குள் போட்ட ஒப்படைப்பாகப் பாருங்கள். பல வருடம் கழித்துப் போட்டது வேறு ஏதாவது கடனாக இருக்கும்.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2023 டிசம்பருக்கு முன்னால் புது ஃபிளாட்டுக்கு யு.டி.எஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் போடுவார்கள். வில்லங்கத்தில் ‘450 சதுர அடி, 18 லட்சம்’ என்று பார்த்துவிட்டு ஃபிளாட்டே 18 லட்சம்தான் என்று பில்டரோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. அது மனைப் பங்கின் விலை மட்டும்.

சிங்கப்பூரிலிருந்து: சென்னையில் பத்திரப்பதிவு குறைந்தது, கூடியது என்று மாதாமாதம் செய்தி வருகிறது. எதை நம்பி முடிவெடுப்பது?

மாதக் கணக்கை நம்பாதீர்கள். ஆடியில் பதிவு படுக்கும், ஆவணியில் எழுந்திருக்கும். மார்கழிக்கும் தைக்கும் அதே கதை. நல்ல நாளில் கூட்டம் தாங்காமல், ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்தில் 100 டோக்கனை 150 ஆக்கி அரசே அறிவிக்கிறது. ஆடியை ஆவணியோடு ஒப்பிட்டு ‘சந்தை சூடுபிடித்தது’ என்று எழுதுவது பஞ்சாங்கத்தைத் திருப்பி எழுதுவதுதான். போன ஆடியை இந்த ஆடியோடு ஒப்பிடுங்கள்.

கட்டணம் மாறும் தேதிகளையும் கவனியுங்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 33 குறைத்ததைத் திரும்ப ஏற்றினால் அது கிட்டத்தட்ட 50 சதவீத ஏற்றம். வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடும் ஊரில், நிஜ விலை அசையாமலேயே பதிவான விலை துள்ளிவிடும். அதற்கு முந்தைய வருடத்தோடு ஒப்பிடும் எந்த வரைபடத்தையும் இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குறியீட்டெண்தான் வேண்டும் என்றால், தேசிய வீட்டுவசதி வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ரெசிடெக்ஸைப் பாருங்கள். கடன் கொடுக்கும்போது வங்கிகள் போட்ட மதிப்பை வைத்து வருவது. சென்னை முழுவதற்கும் சராசரிதான், மயிலாப்பூருக்கும் மறைமலை நகருக்கும் சேர்த்து ஒரே எண். போக்கு தெரியும், உங்கள் தெரு தெரியாது.

மேடவாக்கம்: ரெண்டு ஃபிளாட் பார்த்திருக்கோம். ஒண்ணு 1,200 சதுர அடி, ரேட் 6,500. இன்னொண்ணு 1,100, ரேட் 6,900. முதல்லதுதானே லாபம்?

இரண்டிலும் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரைப் பரப்பு, என்ன என்று கேளுங்கள் மேடம். ரெராவில் பதிவான திட்டம் என்றால் எழுத்தில் தந்தே ஆக வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, கிளப் ஹவுஸ் எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றித்தான் 1,200 ஆக்குகிறார்கள். முதல் ஃபிளாட்டின் கார்பெட் 840, இரண்டாவதில் 830 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மொத்தம் 78 லட்சம், கார்பெட்டுக்கு அடி 9,286. இரண்டாவது 75.9 லட்சம், அடி 9,145. ‘ரேட் அதிகம்’ என்று தள்ளியதுதான் மலிவு. கார் பார்க்கிங், மின் இணைப்பு, குடிநீர்-கழிவுநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் ஆகியவற்றை மொத்த விலையில் சேர்த்த பிறகு வகுங்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி சேரும். நிறைவுச் சான்று வந்த பிறகு விற்பதற்கு ஜி.எஸ்.டி இல்லை. 75 லட்சத்தில் இதுவே 3.75 லட்சம்.

உங்கள் பகுதியில் இன்னொரு விஷயம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 முதல் ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அதன் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புது அனுமதி தரக்கூடாது என்று 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. முன்பணம் கொடுக்கும் முன் திட்ட அனுமதியின் தேதியைக் கேட்டு வாங்கி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ-வில் அந்தப் புல எண்ணின் இன்றைய நிலையை உறுதி செய்யுங்கள்.

அண்ணா நகர்: 25 வருஷப் பழைய ஃபிளாட், 900 சதுர அடி, யு.டி.எஸ் 600. புது ஃபிளாட் ரேட்டையே கேட்கிறார்கள். நியாயமா?

மண்ணையும் கட்டடத்தையும் பிரித்துப் பாருங்கள். அந்தத் தெருவில் கிரவுண்டு 2.4 கோடி என்றால், கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி கணக்கில் அடி 10,000. உங்கள் 600-க்கு 60 லட்சம். அதே 900 அடியை இன்று கட்ட அடிக்கு 2,200 என்றால் 19.8 லட்சம். கட்டட ஆயுள் 60 வருடம், 25 போய்விட்டது, மீதி 35 வருடத்துக்கு 11.55 லட்சம். கூட்டினால் 71.5 லட்சம். பிரிபடாத பங்கில் நீங்கள் தனியாக ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்பதால், மனைப் பகுதியில் 10 முதல் 20 சதவீதம் கழித்துப் பேசுவது என் வழக்கம். அதாவது 59.5 முதல் 65.5 லட்சத்துக்குள்.

விற்பவர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: ‘இடிச்சுக் கட்டப்போறோம்’. அது உண்மையானால் அந்தக் கழிவு கரைந்துபோகும். அடுக்குமாடி உரிமைக்கான 2022 சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலே கதை முடிந்தது. ஆனால் வாய்ப்பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். சங்கத் தீர்மான நோட்டைப் பாருங்கள், எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள், வாசலில் சாலை அகலத்தை டேப் வைத்து அளங்கள். எத்தனை மாடி எழும்பும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சாலைதான். எல்லா வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள யு.டி.எஸ்-ஐக் கூட்டினால் மொத்த மனை அளவு வர வேண்டும். பழைய கட்டடங்களில் அது கூடுதலாகவோ குறைவாகவோ வந்து நிற்பது சாதாரணம். பில்டர் கையெழுத்துப் போடாமல் இழுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கொளத்தூர்: புது ஃபிளாட் 51 லட்சம். பதிவுச் செலவு எவ்வளவு?

புது அடுக்குமாடி முதல் விற்பனை என்றால், மனையும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5, அதற்கும் மேல் 7 சதவீதம். எல்லாவற்றுக்கும் பதிவுக் கட்டணம் 2. உங்கள் 51-க்கு 7 சதவீதம், 3.57 லட்சம். சரியாக 50 என்றால் 6 சதவீதம், 3 லட்சம். ஒரு லட்சம் பேரம் பேசி இறக்கினால் 1.57 லட்சம் மிச்சம். அரசின் கூட்டு மதிப்பும் 50-க்குள் இருந்தால்தான் இது எடுபடும். மறுவிற்பனைக்கு இந்தச் சலுகை இல்லை, 9 சதவீதம்தான். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் டி.டி.எஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

முடிச்சூர்: வெள்ளம் வந்த ஏரியான்னு விலை குறைச்சுக் கேக்குறாங்க. வாங்குறவங்க உண்மையிலேயே இவ்வளவு பார்க்கிறாங்களா?

பார்க்கிறார்கள். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி என்று ஊர்ப் பெயருக்கு விலை குறைவதைவிடத் தெருவுக்கும் தளத்துக்கும் குறைவதுதான் அதிகம். மேட்டுத் தெருவில் முதல் மாடிக்கும் பள்ளத்தில் தரைத்தளத்துக்கும் ஒரே கழிவு கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வருகிறவருக்குக் காட்ட உங்களிடம் இருக்க வேண்டியவை: மீட்டர் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா அல்லது ஒரு அடி எழுப்பிக் கட்டியிருக்கிறதா, லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் போனதா, பாதாளச் சாக்கடை உண்டா இல்லை செப்டிக் டேங்கா. செப்டிக் டேங்க் என்றால் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலே கழிப்பறை வழியாக வீட்டுக்குள் பொங்கும். சம்ப் வாயை உயர்த்தி, மீட்டர் போர்டை மேலேற்ற ஆகும் செலவு, பேரத்தில் நீங்கள் இழக்கும் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை.

பூந்தமல்லி: மெட்ரோ வருது, ஏர்போர்ட் வருதுன்னு மனை விக்கிறாங்க. இனிமேலும் ஏறுமா?

கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி தடம் 26.1 கி.மீ. தூண் எழும்பியபோதே விலையும் எழும்பிவிட்டது. மெட்ரோ விலை ஏற்கெனவே உங்கள் மனையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம் என்றால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய இடத்துக்கு அதே விலை கொடுப்பது வீண்.

ஏர்போர்ட் வரும் என்று சொல்லப்படும் பரந்தூரைக் காட்டி விற்கும் மனை என்றால், விலைக்கு முன்னால் புல எண் நில எடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 133 கி.மீ. சுற்றுவட்டச் சாலைக்கும் அதே சோதனை. அடுத்தது அங்கீகாரம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து, அங்கீகாரமில்லாத மனையைப் புதிதாகப் பதிய முடியாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணும், லே-அவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரமும் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்பவர் அபூர்வம். அது இல்லாமல் பிளான் அனுமதிக்குப் போனால் ‘ரோடு யாருடையது’ என்று அங்கே நிற்பீர்கள்.

நாவலூர்: 2014-ல வாங்கின ஃபிளாட். பக்கத்துல எல்லாம் ஏறுது, எனக்கு மட்டும் கேட்ட விலைக்கு ஆள் வரலை. ஏன்?

உங்களோடு போட்டி போடுவது பக்கத்துப் பில்டர். ஓ.எம்.ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் இன்னும் பெரிய நிலங்கள் உண்டு. ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கில் புது வீடு வரும், தவணைச் சலுகையும் முதல் விற்பனைக்கான குறைந்த முத்திரைத்தீர்வையும் அவருக்குத்தான். வாங்குபவருக்கு உங்களிடம் 9 சதவீதம் செலவு, அவரிடம் 50 லட்சத்துக்கு மேல் 7. மயிலாப்பூரிலோ தி. நகரிலோ இந்தப் போட்டி இல்லை. அங்கே ஒரு பழைய கட்டடத்தை இடித்தால்தான் புது வீடு. ஏற்றம் அங்கே மண்ணில் இருக்கிறது. உங்கள் உயர்ந்த வளாகத்தில் யு.டி.எஸ் கொஞ்சம், பெரும்பகுதி கட்டடம், அது வருடாவருடம் தேய்கிறது.

பில்டர் விலையிலிருந்து ஜி.எஸ்.டியைக் கழிக்காமல், அதைச் சேர்த்த மொத்தத்தை உங்கள் விலையோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். உட்புற வேலை, மாடுலர் கிச்சன், காத்திருக்காமல் குடிவரலாம் என்பதையும் சேருங்கள். லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு என்று கடந்த ஒரு வருடப் பராமரிப்பு ரசீதுகளை எடுத்துக் காட்டுங்கள். ஓ.எம்.ஆரில் வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.