பரிந்துரைக்குப் பரிசு கொடுக்கலாமா? வீட்டு முகவர்களின் கேள்விகளும் பதில்களும்

வீடு, மனை விற்பனை முகவர்களும், அவர்கள் மூலம் வீடு வாங்கியவர்களும் ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் 6 ஆண்டுகளாக வீடு, மனை விற்பனை முகவராகத் தொழில் செய்கிறேன். துண்டறிக்கை, விளம்பரப் பலகை, சமூக ஊடக விளம்பரம் என்று செலவு செய்தும் வருகிறவர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்கள் புதியவர்களை அனுப்பிவைத்தால் பரிசு தருவதாக அறிவிக்கலாம் என்று நினைக்கிறேன். இதனால் பயன் இருக்குமா?

பதில்: பயன் உண்டு. ஆனால் எதனால் பயன் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால்தான் அது நீடிக்கும். வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ மட்டுமே ஒருவர் வீடு வாங்குகிறார் என்பதால், மளிகைக் கடைக்காரருக்கு வருவதைப் போல உங்களிடம் அதே ஆள் மாதந்தோறும் திரும்பி வருவதில்லை. அவர் வழியாக வரக்கூடியவர்கள் அவருடைய உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும்தான். சேமிப்பின் பெரும்பகுதியை ஒரே கையெழுத்தில் ஒப்படைக்கப் போகிறவருக்கு, விளம்பரப் பலகையில் உள்ள முகத்தைவிட, ‘எனக்குப் பார்த்துக் கொடுத்தவர், எதையும் மறைக்கவில்லை’ என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லும் சொல்லே பெரிது.

ஜெர்மானிய வங்கி ஒன்றின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளர்களை வைத்துச் செய்யப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பரிசுத் திட்டத்தின் மூலம் பரிந்துரைக்கப்பட்டு வந்தவர்கள் மற்றவர்களைவிட வங்கிக்குக் குறைந்தது 16 சதவீதம் கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தது தெரியவந்தது. வங்கிக் கணக்கும் வீடும் ஒன்றல்ல என்பதால் அந்த எண்ணை அப்படியே உங்கள் தொழிலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொருந்தும்: அனுப்புகிறவர் இரு தரப்பையும் அறிந்திருப்பதால், யாருக்கு யார் ஒத்துவருவார்கள் என்று தானே அலசிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

பரிசு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ரியூ, ஃபீக் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக விடை தருகிறது. பரிசு அறிவித்தால் பரிந்துரைப்பவர்கள் கூடுகிறார்கள். ஆனால் பரிசைப் பெரிதாக்கினால் அந்த எண்ணிக்கை மேலும் கூடுவதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் அதில் உண்டு. நெருங்கிய உறவுகளைவிட ஓரளவு பழக்கம் உள்ளவர்களிடம் பரிந்துரைக்க வைப்பதிலும், பெயர் பெற்ற நிறுவனங்களைவிட அதிகம் அறியப்படாத நிறுவனங்களுக்கும்தான் பரிசு கூடுதலாக உதவுகிறது. உடன்பிறந்தவருக்கு நல்ல முகவரைச் சொல்ல யாரும் பரிசை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை அல்லவா? அலுவலகத்தில் எப்போதாவது பேசுகிற ஒருவர் வீடு தேடுகிறார் என்று காதில் விழும்போது, ‘எனக்குத் தெரிந்த முகவர் ஒருவர் இருக்கிறார்’ என்று வாய்திறக்க வைக்கும் சிறு தூண்டுதலாகவே பரிசு வேலை செய்கிறது. ஆகவே சிறிய, எல்லோருக்கும் ஒரே அளவிலான பரிசை வைத்துக்கொள்ளுங்கள்; மீதிப் பணத்தை உங்கள் சேவையில் போடுங்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்த முகவர் ஒருவர், ஆள் அனுப்பிவைப்பவர்களுக்குத் தன் தரகுத் தொகையிலேயே ஒரு பங்கு கொடுக்கிறார். நானும் அப்படிச் செய்யலாமா? சட்டம் இடம் கொடுக்குமா?

பதில்: இந்த வழியில் இறங்கும் முன் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் முகவர்கள் அறியாமலே தவறு செய்யும் இடம் இதுதான். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், வாங்குபவரையும் விற்பவரையும் பேச்சுவார்த்தைக்காக எந்த ஊடகத்தின் வழியாகவேனும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்பவரையும் ‘ரியல் எஸ்டேட் முகவர்’ என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனைக்குத் துணை நிற்கும் முகவர் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். தரகில் பங்கு வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஆள் சேர்த்துவிடும் ஒருவர், தான் வெறும் வாடிக்கையாளர்தான் என்று சொல்லித் தப்பிப்பது கடினம்.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் வீட்டுக் கடன் பரிவர்த்தனைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, சட்ட வரம்புக்குள் வரும் வீட்டுக் கடன் பரிவர்த்தனைகளில், கடன், காப்பீடு, உரிமை ஆவணச் சரிபார்ப்பு போன்ற சேவைகளுக்கு ஆள் அனுப்புவதற்காகப் பணமோ மதிப்புள்ள வேறு எதுவுமோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. முகவர் ஒருவர் இன்னொரு முகவருக்குத் தரகில் பங்கு தருவதற்கு அங்கே விலக்கு இருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாதவருக்குப் பங்கு தருவதைப் பல மாநிலங்களின் உரிமச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை.

எந்த நாட்டில் தொழில் செய்தாலும், அறிவிப்பை அச்சிடக் கொடுக்கும் முன் உங்களுக்கு உரிமம் வழங்கிய ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பணமாகக் கொடுப்பதற்குத் தடை இருக்கும் இடத்தில் பரிசுக் கூப்பனாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டம் பெரும்பாலும் ‘மதிப்புள்ள எதுவும்’ என்றே பேசுகிறது.

கேள்வி: என் முகவரை நெருங்கிய தோழிக்குப் பரிந்துரைத்தேன். அதற்காக எனக்குப் பரிசு கிடைக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பிறகு அவளே தெரிந்துகொண்டு மிகவும் வருந்திவிட்டாள். முகவர் நல்லவர்தான், வீடும் நல்ல வீடுதான். நான் செய்தது அவ்வளவு பெரிய தவறா?

பதில்: உங்கள் தோழியின் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வற்புறுத்திச் சொன்னதன் பேரில் நான் ஒரு முகவரிடம் சென்றேன். என்னை அழைத்து வந்ததற்காக அவருக்கு ஒரு தொகை போய்ச் சேர்ந்தது என்பது பத்திரப் பதிவு முடிந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு நட்டம் எதுவும் இல்லை. இருந்தும், அதுவரை அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். உங்கள் தோழியும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். வீட்டில் குறை இருப்பதாக அவள் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன சொல் அன்பினால் வந்ததா, பரிசுக்காக வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் அவளை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் அவளுடைய குறை. பரிசை வாங்கியது தவறில்லை, அதை மறைத்தது தவறு. அவளிடம் நேரில் போய், காரணம் எதுவும் கற்பிக்காமல் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் முகவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் பரிந்துரை விளம்பர வழிகாட்டுதலிலும், இந்தியாவில் 2022-ல் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பொறுப்பை வாடிக்கையாளரின் தலையில் மட்டும் சுமத்தாமல், உங்கள் அறிவிப்பிலேயே ‘எங்களிடம் உங்களை அனுப்பியவருக்கு நாங்கள் ஒரு சிறு பரிசு தருகிறோம்’ என்று அச்சிடுங்கள். புதியவரை முதன்முதலில் சந்திக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். பரிசில் ஒரு பகுதியைப் புதிதாக வருகிறவருக்கும் கொடுத்தால் மறைப்பதற்கே எதுவும் இருக்காது. நெருங்கியவர்களுக்குப் பரிந்துரைக்கும்போது பெறுகிறவருக்கும் பங்கு இருப்பதே நன்றாக வேலை செய்கிறது என்பது மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டு ஆய்வின் முடிவும்கூட.

கேள்வி: இணையத்தில் எங்களைப் பற்றி 5 நட்சத்திரம் கொடுத்து நல்ல மதிப்புரை எழுதுகிறவர்களுக்கும் இதே பரிசைத் தரலாமா?

பதில்: வேண்டாம். நல்லதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு மதிப்புரைக்குப் பரிசு தருவதை அமெரிக்க வணிக ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதி தடை செய்திருக்கிறது. மதிப்புரைகளை வெளியிடும் பெரிய தளங்களும் அதை ஏற்பதில்லை. பரிந்துரையில் தெரிந்தவர் தெரிந்தவரிடம் பேசுகிறார், கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்கலாம். மதிப்புரையைப் படிக்கிற முகம் தெரியாதவருக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: பரிந்துரை வேண்டும் என்று எப்போது கேட்பது? அனுப்பப்பட்டவருக்கு வீடு அமையாமல் போனாலும் பரிசு கொடுக்க வேண்டுமா?

பதில்: சாவியை வாங்கிக் குடியேறிய முதல் சில வாரங்கள் நல்ல நேரம். அப்போது வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘யார் மூலம் வாங்கினீர்கள்?’ என்று தாமாகவே கேட்பார்கள். பேரம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்காதீர்கள், மனக்கலக்கத்தில் இருப்பவர் அதை நெருக்கடியாகவே எடுத்துக்கொள்வார். நண்பர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டு வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுத்து, விருப்பமுள்ளவர் தாமே அழைக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் முறை.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், கொடுக்க வேண்டும் என்பதே. விற்பனை முடிந்தால்தான் பரிசு என்று வைத்தால், அனுப்பியவர் அதற்குள் பத்து முறை நண்பரை அழைத்து, ‘முடிவு செய்துவிட்டாயா?’ என்று கேட்கத் தொடங்குவார். அந்த நெருக்குதலுக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். அறிமுகத்துக்கு மட்டுமே பரிசு என்று வைத்துக்கொண்டால், தரகில் பங்கு கொடுப்பதாக உங்கள் மேல் பழி விழும் வாய்ப்பும் குறைகிறது. யார், யாரை, எந்த நாளில் அனுப்பினார் என்பதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, முதல் சந்திப்பு முடிந்த அதே வாரத்தில் நன்றிக் கடிதத்தையும் பரிசையும் அனுப்பிவிடுங்கள். வந்தவர் என்ன விலையில் வீடு தேடுகிறார், கடன் கிடைத்ததா, வாங்கினாரா என்ற எதையும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அவற்றைச் சொல்லும் உரிமை வந்தவருடையது, உங்களுடையதல்ல.