ஆண்டிகித்தேராவா, கெலிடோனியாவா: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். கடல்சார் தொல்லியலின் வளர்ச்சி பற்றிய உங்கள் ஆய்வேட்டை, கடற்பஞ்சு எடுக்கும் கிரேக்க முக்குளிப்பாளர்கள் 1900-இல் ஆண்டிகித்தேரா கப்பற்சிதைவைக் கண்டதிலிருந்து தொடங்குவதா, 1960-இல் துருக்கியின் கெலிடோனியா முனையில் நடந்த கப்பற்சிதைவு அகழாய்விலிருந்து தொடங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் பின்னதையே தேர்வேன்.

ஆண்டிகித்தேராவில் நடந்தது, சிலைகளை மேலேற்றிய மீட்புப் பணி. 1943-இல் பிரான்சில் கூஸ்டோவும் காஞ்ஞானும் உருவாக்கிய, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் சுவாசக் கருவி கடலடியை எட்டச் செய்தது உண்மைதான். ஆனால் கருவி வந்ததனால் மட்டும் துறை பிறந்துவிடவில்லை. பிரான்சின் மார்சேய் அருகே, கிராண் கோங்லுவே தீவையொட்டி 1952-இல் தொடங்கிய கப்பற்சிதைவுப் பணியில் தொல்லியலாளர் மேலே இருந்தார், முக்குளித்தவர்கள் கீழிருந்து பொருள்களை அனுப்பினார்கள். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவை இரண்டு கப்பல்கள் என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. இரண்டையும் ஒன்றாகக் கொண்ட இந்தப் பிழையை உங்கள் இயலில் விரிவாகவே எழுதுங்கள்.

கெலிடோனியாவில் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் தாமே முக்குளிக்கக் கற்றுக்கொண்டு இறங்கினார். சுமார் 27 மீட்டர் ஆழத்தில் செப்புப் பாளங்கள் கடற்படிவத்தோடு இறுகிப் பாறையாகியிருந்தன. அவற்றைத் தனித்தனியே பெயர்க்காமல், சுற்றிலும் உளியால் வெட்டி, கார் ஜாக்கியால் நெம்பி, பெருங்கட்டிகளாகவே கரையேற்றி, கடலடியில் கிடந்த அமைப்பிலேயே பொருத்திப் பார்த்த பின்னரே பிரித்தார்கள். நிலத்து அகழாய்வின் ஒழுங்கு நீருக்கடியில் வந்தது இங்கேதான்.

1961-இல் மேலேற்றப்பட்ட சுவீடனின் வாசா கப்பலுக்கு ஒரு பத்தி போதும். கப்பல் எவ்வாறு சிதைவாக மாறுகிறது என்பதைக் கோட்பாடாக்கிய கீத் மக்கெல்ராயின் 1978-ஆம் ஆண்டு நூலுக்கோ தனி இயலே ஒதுக்கலாம். நீருக்கடிப் பண்பாட்டு மரபைக் காப்பதற்கான 2001-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையை அதன் பிறகு வையுங்கள்.